ஒருசொல் விடையும் மட்டக்களப்பு வரலாறும்

வினாவுதல் அறிவுக்கு வாயில். கற்றோர் அவையில் எழும் வினா ஒரு வகை. தெருச் சந்தியிலும் தேநீர்க் கடையிலும் பொழுதுபோக்காக எழும் வினா மற்றொரு வகை. 'இலங்கைக்கு முதன்முதல் வந்த ஒல்லாந்தத் தளபதி யார்?', 'மீன் பாடும் வாவி எது?' என்றாற்போல ஒரு சொல்லில் விடையிறுக்கத்தக்க வினாக்கள் இரண்டாம் வகையின. அறிஞர் இவற்றைத் துணுக்குச் செய்தியெனத் தள்ளுவர். மாணாக்கர் தேர்வின் பொருட்டு மனனஞ் செய்வர். ஏனையோர் தம்முட் பந்தயம் கட்டி மகிழ்வர். மேனாட்டார் இத்தகைய செய்திகளைத் 'திரிவியா' என்பர். அச்சொல்லின் வேர் இலத்தீன் மொழியில் மூன்று வழிகள் கூடும் இடத்தைக் குறிப்பது. தமிழில் அதற்கு நேரான சொல் முச்சந்தி. ஊரார் கூடி நின்று பேசும் இடத்துப் பேச்சு என்னும் கருத்தே நாளடைவில் அற்பச் செய்தி என்னும் கருத்தாகத் திரிந்தது.

ஆயினும், முச்சந்தியிற் பேசப்படும் காரணத்தால் மட்டும் ஒரு செய்தி அற்பமாகிவிடாது. ஒரு நாட்டு மக்கள் தம் வரலாற்றில் எவற்றை நினைவிற் கொண்டுள்ளனர் என்பதை அறிவதற்கு இவ்வினாக்கள் நல்ல அளவுகோலாகும். அவ்வளவுகோல் நேரியதா என்பதே ஆராயத்தக்கது. மட்டக்களப்பு நாட்டைப் பற்றிப் பொது அறிவுப் போட்டிகளிலும் சந்திப் பேச்சிலும் வழங்கக்கூடிய ஐந்து வினாக்களை எடுத்து, அவற்றுக்குரிய ஒருசொல் விடைகளை உரைகல்லில் உரைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவை விளையாட்டாக்கும் கலை தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் செய்யுளியலிற் பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என யாப்பின் வகை ஏழினைக் கூறினார். அவற்றுட் பிசி என்பது இக்காலத்தில் விடுகதை எனவும் நொடி எனவும் வழங்குவது. உவமையோடு பொருந்தி வருவதும், சொல்லின் குறிப்பாற் பொருள் தோன்ற வருவதும் என அதனை அவர் இருவகைப்படுத்தினார். பாரதத்தில் பொய்கைக் கரையில் இயக்கன் தருமனை வினவிய வினாக்களும் இவ்வினத்தைச் சேர்ந்தனவே. அவற்றுக்குத் தருமன் தக்க விடை கூறியமையால் மாண்டு கிடந்த தம்பியர் உயிர் பெற்றனர் என்பது கதை. வினாவுக்குச் சரியான விடை கூறுதல் உயிரையே மீட்கும் ஆற்றலுடையது என முன்னோர் கருதினர் போலும்.

மட்டக்களப்பிற் கட்சி பிரிந்து போட்டியிடும் மரபும் தொன்மையானது. கண்ணகி அம்மன் வழிபாட்டோடு இயைந்த கொம்புமுறி விளையாட்டில் ஊர் முழுவதும் வடசேரி, தென்சேரி என இரு பக்கமாகப் பிரியும். வடசேரி கோவலன் பக்கம். தென்சேரி கண்ணகி பக்கம். கொம்புகளைக் கோத்து இழுத்து முறிப்பதோடு இவ்விளையாட்டு முடிந்துவிடுவதில்லை. வென்ற சேரியார் தோற்ற சேரியாரைப் பாட்டால் எள்ளி நகையாடுவர். உடல் வலிமையோடு நாவன்மையும் அங்கே போட்டிக்கு வரும்.

மேனாட்டில் இத்தகைய வினாக்களுக்கெனத் தனி நூலும் தனிப் போட்டியும் தோன்றிய வரலாறு சுவை பயப்பது. 1951ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் அயர்லாந்து நாட்டு வெக்ஸ்போர்ட் பகுதிக்கு வேட்டைக்குச் சென்றிருந்தார் சேர் ஹியூ பீவர் என்பார். ஐரோப்பாவின் வேட்டைப் பறவைகளுள் விரைந்து பறப்பது எது என்பது பற்றி அவருக்கும் உடன் சென்றோர்க்கும் வாதம் எழுந்தது. அன்றிரவு நூல்களைப் புரட்டியும் விடை கிடைத்திலது. பீவர் கின்னஸ் மதுவடிசாலையின் நிருவாக இயக்குநர். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் உள்ள தவறணைகளில் இரவுதோறும் இவ்வாறான வழக்குகள் எழுந்து தீர்வின்றிக் கிடக்கும் என்பது அவர் நெஞ்சிற் பட்டது. அவ்வழக்குகளைத் தீர்க்கும் நூலொன்றைத் தொகுக்குமாறு நொரிஸ் மக்வேர்ட்டர், ரொஸ் மக்வேர்ட்டர் என்னும் இரட்டையரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. 1955ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் நாள் கின்னஸ் சாதனை நூலின் முதற் பதிப்பு வெளிவந்தது. பின்னர், 1970களில் இங்கிலாந்துத் தவறணைகளில் மக்கள் அணியணியாக அமர்ந்து விடை எழுதும் வினாவிடைப் போட்டிகள் ஒழுங்குபெற்றுப் பரவின. இந்தியாவில் அதற்கு முன்னரே, 1967இல், கல்கத்தா நகரில் நீல் ஓபிரையன் என்பார் பொதுமக்களுக்கான வினாவிடைப் போட்டியை நடத்தித் தொடக்கி வைத்தார்.

கின்னஸ் நூலின் பயன் வாதத்தை முடித்து வைப்பது. பறவை பறக்கும் விரைவை அளந்து எழுதிவிட்டால் அவ்வழக்கு முடிந்தது. வரலாற்று வினாவுக்கு அம்முடிவு எளிதிற் கிட்டுவதில்லை. விடையாக நிற்கும் பெயரையும் ஆண்டையும் சொன்னவர் யார், சொன்ன காலம் எது, சொல்லாது விட்டது எது என்னும் வினாக்கள் அதன் பின்னே நிற்கின்றன. மட்டக்களப்பு வரலாறு இதற்கு நல்ல சான்று.

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஒடுங்கிய மணல் நிலம் வடக்குத் தெற்காகக் கிடக்கின்றது. அந்நிலத்தின்மீது, களுவாஞ்சிகுடிக்குத் தெற்கே, ஓந்தாச்சிமடம், கோட்டைக்கல்லாறு, பெரியகல்லாறு என ஊர்கள் தொடர்கின்றன. பெரியகல்லாற்றுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. ஒல்லாந்தர் கப்பல் நங்கூரமிட்ட கடலும், மீன் பாடுகின்றது என உலகம் பேசும் வாவியும் இவையே. ஆதலின் கீழ்வரும் வினாக்கள் இவ்வூர் மாணாக்கர்க்குப் பிற நாட்டுச் செய்திகள் ஆகா.

முதலாவது வினா: கண்ணகிக்குச் சேரன் செங்குட்டுவன் எடுத்த விழாவிற் கலந்துகொண்ட இலங்கை மன்னன் யார்? விடை: கயவாகு. சிலப்பதிகாரத்து வரந்தரு காதை இதனைக் கூறுகின்றது. இலங்கையை கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் கசபாகுவே இக்கயவாகு எனக் கொண்டு, செங்குட்டுவன் காலத்தையும் அதன் வழியே சங்க காலத்தையும் அறிஞர் பலர் வரையறுத்தனர். 1904இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் வி. கனகசபைப் பிள்ளை இவ்வொப்புமையைப் பெரிதும் பயன்படுத்தினார். தமிழிலக்கிய வரலாற்றின் கால அடைவு முழுவதும் ஓர் இலங்கை மன்னன் பெயரைத் தூணாகக் கொண்டு நின்றது எனலாம்.

இனி, விடையின் மறுபக்கத்தை நோக்குக. முதலாம் கசபாகுவின் ஆட்சியைக் கூறும் மகாவம்சம் அவன் கண்ணகி விழாவுக்குச் சென்றதாக ஒரு சொல்லும் கூறவில்லை. அவன் சோழநாடு சென்று பத்தினித் தெய்வத்தின் சிலம்பைக் கொணர்ந்தான் என்னும் செய்தி, பல நூற்றாண்டுகளுக்குப் பின் எழுந்த இராசாவலிய என்னும் சிங்கள நூலில் வருகின்றது. பத்தினி வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த கணநாத் ஒபயசேகர இக்கதையை நிகழ்ந்த வரலாறாகக் கொள்ளாது, வழிபாட்டின் தோற்றத்தை விளக்க எழுந்த தொன்மக் கதையாகவே கொண்டார். கே. ஏ. நீலகண்ட சாத்திரியார் போன்றோர் இவ்வொப்புமையை ஏற்றுக்கொண்டனர். இரு சாராரும் பெருமறிஞர். எனவே 'கயவாகு' என்பது சிலப்பதிகாரம் கூறும் செய்தி என்ற அளவிற் சரியான விடை. நிகழ்ந்தது என்ற அளவில் வழக்கிலுள்ள விடை. இவ்வேறுபாட்டை மாணாக்கன் உணர்ந்தால், வைகாசித் திங்களிற் கண்ணகி கோயில்களிற் குளிர்த்திச் சடங்கு நடைபெறும்போது, தன்னூர் வழிபாடு இரண்டு மொழிகளின் இலக்கியத்தோடும் தொடர்புடையது என்பதை அறிவான். வெறும் பெயரை மனனஞ் செய்தவனுக்கு இவ்வறிவு வாய்ப்பதில்லை.

இரண்டாவது வினா: இலங்கைக்கு முதன்முதல் வந்த ஒல்லாந்தத் தளபதி யார்? விடை: யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன், வந்த ஆண்டு 1602, இறங்கிய இடம் மட்டக்களப்பு. இவ்விடை முற்றிலும் சரியே. 1601ஆம் ஆண்டு மே மாதம் சீலாந்து மாகாணத்திலிருந்து மூன்று கப்பல்களோடு புறப்பட்ட அவர், மறு ஆண்டு மே மாத இறுதியில் மட்டக்களப்புக் கரையை அடைந்தார். அக்கப்பல்களின் பெயர்கள் கடா, ஆடு, ஆட்டுக்குட்டி என்னும் பொருளுடையவை. மட்டக்களப்பிலிருந்து மலைநாட்டுக்குச் சென்று கண்டி மன்னன் முதலாம் விமலதர்மசூரியனைக் கண்டு நட்புப் பூண்டார்.

இவ்விடையோடு இரு பிழைகள் ஒட்டிக்கொள்ள இடமுண்டு. ஸ்பில்பேர்கன் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் தூதராக வந்தார் என எண்ணுவது ஒன்று. அக்கம்பனி 1602ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலேயே நிறுவப்பட்டது. அப்போது அவர் நடுக்கடலில் இருந்தார். அவரை அனுப்பியது வேறொரு வணிகக் குழு. மற்றையது, அவர் மட்டக்களப்புக் கோட்டையிற் காலடி வைத்தார் என எண்ணுவது. புளியந்தீவிலுள்ள கோட்டையைப் போர்த்துக்கேயர் கட்டியது 1628இல். ஸ்பில்பேர்கன் வந்தபோது அங்குக் கோட்டை இல்லை.

கம்பனியின் பெயரால் வந்தவர் வேறொருவர். அவர் பெயர் செபால்ட் டி வேர்ட். புதிய கம்பனியின் முதற் கப்பற்றொகுதியில் துணைத் தளபதியாக இருந்தவர். 1602ஆம் ஆண்டின் இறுதியில் மட்டக்களப்புக்கு வந்து, கண்டி மன்னனோடு சேர்ந்து போர்த்துக்கேயரைத் தாக்குவதற்கு உடன்பட்டார். மறு ஆண்டு மீண்டும் வந்தபோது, தாம் பிடித்த போர்த்துக்கேயக் கப்பல்களில் இருந்தோரை விடுவித்துவிட்டார். பகைவரைக் கைப்பற்றியும் விட்டுவிட்ட செயல் மன்னனுக்குச் சினத்தை மூட்டியது. இருவர்க்குமிடையே எழுந்த சொற்பூசல் முற்றி, 1603இல் மட்டக்களப்பில் டி வேர்டும் அவரோடு வந்தோர் பலரும் கொல்லப்பட்டனர். இம்மாலுமியின் பெயர் உலகப் படத்தின் மற்றொரு மூலையிலும் நின்றது. 1600ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் தென் அத்திலாந்திக் கடலிற் போக்லாந்துத் தீவுகளின் வடமேற்கே அவர் கண்ட சிறு தீவுகள் நெடுங்காலம் செபால்டுத் தீவுகள் என அவர் பெயராலேயே வழங்கின. தென்னமெரிக்கக் கடலிற் பெயர் நிறுத்திய ஒருவர் மட்டக்களப்புக் கரையில் உயிர் நீத்தார் என்பது எந்தத் தவறணையிலும் வியப்போடு கேட்கப்படும் செய்தி. அதனினும் முதன்மையான செய்தி பின்வருவது: ஒல்லாந்தர்க்கும் கண்டி அரசுக்கும் ஏற்பட்ட உறவு, தொடங்கிய ஓராண்டுக்குள்ளேயே ஒருவர் கருத்தை மற்றவர் அறியாமையாற் குருதியில் முடிந்தது. 1602ஐ மட்டும் மனனஞ் செய்வோர் 1603ஐ அறியார்.

மூன்றாவது வினா: மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய ஆண்டு எது? விடை: 1638. மே மாதம் 18ஆம் நாள், ஆதாம் வெஸ்டர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தக் கப்பற்படையும் இரண்டாம் இராசசிங்க மன்னனின் படையும் சேர்ந்து தாக்க, கோட்டை வீழ்ந்தது. ஐந்து நாட்களின் பின், மே 23ஆம் நாள், மன்னனும் வெஸ்டர்வோல்டும் மட்டக்களப்பில் ஒப்பந்தம் செய்துகொண்டனர். போர்த்துக்கேயரைத் துரத்துவதற்கு ஒல்லாந்தர் உதவுவர். மன்னன் போர்ச் செலவைக் கறுவா முதலிய பொருள்களால் ஈடுசெய்வான். வணிக உரிமை ஒல்லாந்தர்க்கே உரியதாகும் என்பன அதன் சாரம்.

இவ்வொப்பந்தத்தின் ஒரு பிரிவு வரலாற்று மாணாக்கர் ஊன்றிக் கற்கவேண்டியது. கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை நிறுத்துவர் என்பது அப்பிரிவு. மன்னன் கையிலிருந்த படியில், மன்னன் விரும்பினால் என்னும் பொருள்படும் தொடர் இருந்தது. ஒல்லாந்தர் தம் மொழியில் எழுதி வைத்துக்கொண்ட படியில் அத்தொடர் காணப்படவில்லை. சில சொற்களே வேறுபாடு. அச்சொற்களின் விலையோ பெரிது. 1640இற் காலியும், 1656இற் கொழும்பும், 1658இல் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் கைப்பட்டன. போர்ச் செலவு தீரவில்லை எனக் காரணங் காட்டிக் காலி முதலிய துறைகளை அவர்கள் மன்னனுக்குக் கொடாது தம்மிடமே வைத்துக்கொண்டனர். ஓர் அந்நியனை விலக்க மற்றோர் அந்நியனை அழைத்த இந்நிகழ்ச்சியை, இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை எனச் சிங்கள மக்கள் பழமொழியாகக் கூறுவர். '1638' என்னும் விடைக்கு ஒரு புள்ளி வழங்கலாம்; ஒப்பந்தப் படிகள் இரண்டும் ஒத்திருந்தனவா என வினவும் மாணாக்கனுக்கு ஒரு புள்ளி போதாது.

நான்காவது வினா: மீன் பாடும் வாவி எது? விடையைக் குழந்தைகளும் அறிவர். மட்டக்களப்பு 'மீன் பாடும் தேன்நாடு' என்றே வழங்குகின்றது. நிலவு நாளில், கல்லடிப் பாலத்தருகே தோணியிற் சென்று, துடுப்பை நீருள் நிறுத்தி அதன் மேல்நுனியிற் காதை வைத்தால் ஓசை கேட்கும் என்பர். இங்கும் சில செய்திகளைப் பிரித்தறிதல் வேண்டும். முதலில், பாலத்துக்கும் ஓசைக்கும் தொடர்பில்லை. தேசாதிபதி மன்னிங்கின் மனைவியார் பெயரால் அமைந்த அப்பழைய பாலம் திறக்கப்பட்டது 1924இல். அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்னரே, 1848ஆம் ஆண்டு செப்தெம்பர் மாதம், இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் எமர்சன் ரெனன்ற் மட்டக்களப்புக்கு வந்து வாவியில் அவ்வோசையைக் கேட்டார். ஈர விரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்த்தால் எழும் மெல்லோசை போன்றது எனத் தாம் 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் எழுதினார். அந்நூலே இச்செய்தியை உலகெங்கும் பரப்பியது. 1950களில் அமெரிக்க இயேசு சபைக் குருவாகிய லாங் அடிகளார் அவ்வோசையை ஒலிப்பதிவு செய்தார்.

ரெனன்ற் எழுதியதிற் கூர்ந்து நோக்கத்தக்க செய்தி வேறொன்று. ஓசையை எழுப்புவது எது என அவர் வினவியபோது, வாவியில் மீன்பிடிப்போர் மீனைக் காட்டவில்லை, ஊரியைக் காட்டினர். அழுகின்ற ஊரி என்னும் கருத்துடைய தமிழ்ப் பெயரொன்றையும் கூறினர். அவர் அதனைத் தம் காதிற் பட்டவாறு ஆங்கில எழுத்தில் எழுதி வைத்தார். ஓசை மீனிலிருந்தன்று, ஓட்டுயிர்களிலிருந்தே எழுகின்றது என அவரும் கருதினார். ஆனால் ஊரி மறைந்தது, மீனே நிலைத்தது. 'பாடும் மீன்' என்னும் தொடரின் கவர்ச்சி அத்தகையது. எவ்வுயிர் அவ்வோசையை எழுப்புகின்றது என்பது அறிவியலார் முடிந்த முடிபாக நிறுவாத ஒன்று. அவ்வாறிருக்க, வாவியோடு வாழ்ந்து வாவியில் உழைத்தோர் கூறிய கூற்று ஓர் அந்நிய அதிகாரியின் நூலிலே தங்கியிருக்கின்றது; அவ்வுழைப்பாளரின் வழித்தோன்றல்கள் பொது அறிவுப் போட்டியில் மீன் என்றே எழுதுகின்றனர். கேட்டவர் பெயர் வரலாற்றில் நின்றது. சொன்னவர் பெயர் நிற்கவில்லை.

இவ்வோசையை நீரரமகளிரின் இசையாகக் கற்பித்துப் பாடியவர் விபுலானந்த அடிகள். அவரைப் பற்றியதே ஐந்தாவது வினா: உலகின் முதல் தமிழ்ப் பேராசிரியர் யார்? பிறந்த மாவட்டம் எது? இவ்விரு வினாக்களும் அடிகள்மீது மக்கள் கொண்ட பேரன்பினால் எழுந்தவை. ஆயினும் அன்பு விடையை நிறுவாது. 1929இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931இல் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக அடிகள் அமர்ந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரும் ஆனார். இரு நாடுகளின் இரு பல்கலைக்கழகங்களிலும் அப்பதவியின் முதல்வராக விளங்கிய பெருமை அவர்க்கு உண்டு. 'உலகின் முதல்' என்னும் அடைமொழியைச் சேர்க்குமிடத்து, ஒக்ஸ்போர்ட்டில் போப் ஐயர் 1880களிலேயே தமிழ் கற்பித்தார் என்பது முதலிய செய்திகளையும் எண்ணி, பதவி எது, பல்கலைக்கழகம் எது எனத் தெளிவுபடுத்த வேண்டிவரும். மெய்யான பெருமைக்கு மிகைமொழி வேண்டுவதில்லை. 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பியவர். பல்லாண்டு உழைத்து யாழ்நூலை இயற்றி, 1947ஆம் ஆண்டு சூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேற்றி, மறு மாதம் 19ஆம் நாள் மறைந்தவர். இவ்வொரு வாழ்வே போதிய சான்று.

பிறந்த மாவட்டம் பற்றிய வினா இன்னும் நுட்பமானது. அடிகள் 1892ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள் காரைதீவிற் பிறந்தார். அன்று காரைதீவு மட்டக்களப்பு மாவட்டத்துள் அடங்கியிருந்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் அமைந்தபோது காரைதீவு அம்பாறையோடு சேர்ந்தது. எனவே 'மட்டக்களப்பு' என்பாரும் பிழைத்தாரல்லர். 'அம்பாறை' என்பாரும் பிழைத்தாரல்லர். வினாவிலே ஆண்டு இல்லாமையே பிழை.

இவ்வெல்லைக் கோட்டின் பொருளைப் பெரியகல்லாற்று மக்கள் நூல் கொண்டு அறியவேண்டியதில்லை. அவர்கள் ஊர் மட்டக்களப்பு மாவட்டத்துள் நிற்க, கடற்கரை வழியே தெற்கிலுள்ள பெரியநீலாவணை அம்பாறை மாவட்டத்துள் நிற்கின்றது. ஒரே மணல், ஒரே கடல். கோயிலாலும் கொள்வினை கொடுப்பினையாலும் இணைந்த ஊர்கள். 1961க்கு முன் பிறந்த முதியவர் ஒருவர் ஒரே வீட்டிலிருந்தவாறே பிறந்த மாவட்டம் ஒன்றும் வாழும் மாவட்டம் மற்றொன்றுமாக எழுத நேர்வது பெரியநீலாவணையில் இயல்பு. ஒரு வரி விடையிற் சிறு துணுக்காகத் தோன்றும் ஆண்டு, ஒரு குடும்பத்தின் பத்திரங்களை மாற்றியமைத்த ஆண்டாகும்.

ஐந்து வினாக்களாலும் பெறப்படுவன யாவை? கயவாகு பற்றிய விடையில், சொல்லும் நூல் எது, சொல்லாத நூல் எது எனப் பார்க்கவேண்டியிருந்தது. ஸ்பில்பேர்கன் பற்றிய விடையில், அடுத்த ஆண்டு என்ன நிகழ்ந்தது என்பதையும் சேர்த்துக் காணவேண்டியிருந்தது. 1638இல் ஒப்பந்தத்தின் விடுபட்ட தொடரைத் தேடவேண்டியிருந்தது. பாடும் மீனில், கேட்டவரை விடுத்துச் சொன்னவரை நாடவேண்டியிருந்தது. அடிகளின் பிறப்பிடத்தில், விடை எந்த ஆண்டுக்குரியது என வரையறுக்கவேண்டியிருந்தது. ஒருசொல் விடை ஐந்திடத்தும் பயன்பட்டது. ஐந்திடத்தும் அது தொடக்கமாகவே பயன்பட்டது.

இதனைக் கல்லூரிகள் கருத்திற் கொள்வது நலம். பொது அறிவுப் போட்டிகளை இழித்துப் பேசுவதாற் பயனில்லை. ஒரு மாலைப் பொழுதில் ஊர்ச் சிறுவர் நூறுபேரை வரலாற்றின்பால் ஈர்க்கும் ஆற்றல் அவற்றுக்கு உண்டு. ஆண்டு முழுவதும் வகுப்பறையிற் கற்பிப்பார்க்கும் அவ்வாற்றல் எளிதிற் கைவருவதில்லை. செய்யத்தக்கது சிறிய மாற்றமே. ஒவ்வொரு வினாவுக்கும் பின் இரண்டாவது வினாவொன்று தொடுக்கப்படுதல் வேண்டும். 'எவ்வாறு தெரியும்?' என்பது அது. முதல் வினாவுக்கு ஒரு புள்ளியும் இரண்டாம் வினாவுக்கு மூன்று புள்ளிகளும் வழங்கினால், போட்டிக்கு ஆயத்தம் செய்யும் மாணாக்கன் வினாவிடைச் சிறு நூலை மூடிவிட்டு வரலாற்று நூலைத் திறப்பான்.

திறப்பதற்கு நூல்களும் உள்ளன. எஸ். ஓ. கனகரெத்தினம் 1921இல் மட்டக்களப்பு மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல், எப். எக்ஸ். சி. நடராசா 1962இற் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியம், வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட மட்டக்களப்புத் தமிழகம் என்பன மட்டக்களப்பைப் பற்றி அந்நாட்டவரே தொகுத்த செல்வங்கள். அவற்றின் கூற்றுக்களையும் அதே உரைகல்லில் உரைத்தே கொள்ளவேண்டும். ஆனால் உரைப்பதற்கு முதலில் அவற்றைக் கையில் எடுக்கவேண்டும்.

காலம் இப்பணிக்குக் காத்திராது. 1978ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் நாள் வீசிய சூறாவளியும், 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் எழுந்த கடற்கோளும் இக்கரையில் உயிர்களைக் கொண்டன. வீடுகளையும், வீடுகளில் இருந்த உறுதி, கடிதம், ஏடு ஆகியவற்றையும் கொண்டு சென்றன. எஞ்சியது முதியோர் நினைவு. ஊரி என்று சொன்ன மீன்பிடிப்போரின் பெயரை ரெனன்ற் கேட்டு எழுதவில்லை. சூறாவளிக்கு முன் தம்மூர் இருந்தவாற்றைச் சொல்லவல்ல முதியோரிடம் சென்று, அவர்தம் பெயரையும் சொன்ன நாளையும் சேர்த்து எழுதி வைப்பது வாவிக்கரை ஊர்களின் மாணாக்கர்க்கு இயலாத காரியமன்று. அவ்வாறு எழுதப்படும் ஏடுகள் உளவாயின், பின்னொரு காலத்திற் சந்தியிலே ஒருவர் வினவ மற்றொருவர் விடை கூறும்போது, 'எவ்வாறு தெரியும்?' என்பதற்கும் ஊரிலேயே விடை இருக்கும்.